குன்னூர் பங்களா சாமானில் மூன்று ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: எதை எடுக்கலாம்?

பெட்ஃபோர்ட்_ரேடியோ கேட்டது:

வணக்கம். குன்னூர் பக்கம் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள். சாமான்களோடு மூன்று ஸ்பூல் மெஷின்கள் விலைக்கு வந்திருக்கின்றன. எல்லாம் சாக்குப் போர்த்திக் கிடந்தவை. கடைசியாக எப்போது ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

ஒன்று, க்ருண்டிக் டிகே வரிசை. வால்வு மெஷின், பதிவு அளவைக் காட்டும் மேஜிக் ஐ விளக்கு உண்டு, வோல்டேஜ் மாற்றி 110 முதல் 240 வரை. இரண்டாவது அகாய் 4000டிஎஸ், முகப்பு புதுசு போலப் பளபளக்கிறது. மூன்றாவது வொல்லென்சாக் டி-1500, அடித்தகட்டில் 117 வோல்ட் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று இருக்கிறது.

கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய டேப். மூடியைத் திறந்தால் காடி வாடை அடிக்கிறது. சில ரீல்களில் வெள்ளைப் பூசணம். அட்டைகளில் வீட்டுக் கச்சேரி, பிரசங்கம், பிள்ளைகள் பேச்சு என்று பேனாவில் எழுதியிருக்கிறது.

ஒரு மெஷின்தான் எடுக்க முடியும். முதல் வேலை அந்த டேப்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. "பிளக்கைப் போட்டுப் பாருங்க, ஓடும்" என்கிறார் விற்பவர். போடலாமா? எதை எடுப்பது? இந்த ஊர் ஓதத்தில் மெஷினையும் டேப்பையும் எப்படி வைப்பது?

கோத்தகிரி_வால்வு:

பிளக்கைப் போடாதீங்க. விற்கிறவர் போட வந்தாலும் தடுத்துடுங்க. வருஷக்கணக்கா ஓதம் குடிச்ச செட்டை நேரா 230 வோல்ட்ல விட்டா, நல்லா இருக்கிறதும் போயிடும்.

வால்வு மெஷின்ல முதல்ல போறது பேப்பர் கெப்பாசிட்டர். அதுலயும் அவுட்புட் வால்வோட கிரிட்டுக்குப் போற கப்ளிங் கெப்பாசிட்டர்தான் மெஷினைக் கொல்லும். அது லீக் ஆனா கிரிட்ல பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மேல கரண்ட் இழுத்து சிவக்கும். கவனிக்காம விட்டா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். அதே மைக்ரோஃபாரட் அளவுல 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க. சோதிச்சுப் பார்த்து மாத்தறதெல்லாம் வேண்டாம், கண்ணை மூடிட்டு மாத்துங்க. அடுத்தது செலினியம் ரெக்டிஃபயர். அது எரிஞ்சா அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம் வரும், மூச்சுல போகக் கூடாது. சிலிக்கன் டயோடு போட்டா வோல்டேஜ் முன்னைவிட ஏறும், அதனால சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டர் போட்டு பழைய அளவுக்கு இறக்கணும். 1970கள் டிரான்சிஸ்டர் மெஷின்னா மெயின்ஸ் பக்கம் மஞ்சள் கண்ணாடி போல உடம்புள்ள ரிஃபா கெப்பாசிட்டர் இருக்கான்னு பாருங்க. உடம்புல கீறல் ஓடியிருந்தா ஈரம் உள்ள போயாச்சு, கரண்ட் பட்ட கொஞ்ச நேரத்துல புகைவிடும். வெட்டி எடுத்துட்டு மெயின்ஸுக்குன்னே வர்ற எக்ஸ்2 ரகம் போடுங்க.

கரண்ட் கொடுக்கிற வரிசை இதுதான். மெஷினை ஓரிரு நாள் உலர்ந்த அறையில வைங்க. மூடியைக் கழட்டி, 25 வாட் குண்டு பல்பு ஒண்ணை ஒரு அடி தள்ளி எரிய விட்டா இன்னும் நல்லது. அப்புறம் 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) மெயின்ஸ் பின்னுக்கும் சேஸிஸுக்கும் (உள்ளே இருக்கிற உலோகச் சட்டம்) நடுவுல இன்சுலேஷன் பாருங்க. 2 மெகோமுக்குக் கீழே காட்டினா கரண்ட் கொடுக்காம மறுபடி உலர்த்தணும். பழைய ஜெர்மன் மெஷின்ல எர்த் கம்பி இருக்காது, ஓதத்துல சேஸிஸ் தொட்டா ஷாக் அடிக்கும். மெக்கர் சரின்னு சொன்ன பிறகு 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டு கரண்ட் கொடுங்க. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. பல்பு ஒரு தடவை பிரகாசமா எரிஞ்சு மங்கினா பரவாயில்லை. பிரகாசம் குறையவே இல்லைன்னா உள்ள எங்கியோ ஷார்ட். மோட்டார் ஓடுற வரைக்கும் பல்பு கொஞ்சம் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், மெஷினும் மெதுவாத்தான் ஓடும். அதை வச்சு வேகத்தை எடை போடாதீங்க.

கரண்டே இல்லாம பார்க்க வேண்டியதுதான் நிறைய. கேப்ஸ்டனை (டேப்பை இழுக்கிற சுழலும் தண்டு) கையால சுத்துங்க, அதோட கனமான சக்கரம் ஃபிளைவீல் ரெண்டு மூணு சுத்து தானா போகணும். பியானோ சாவி அழுத்தினா அரைவாசியில நின்னா பழைய கிரீஸ் மெழுகா இறுகிப்போச்சுன்னு அர்த்தம். இந்த ஊர்க் குளிர்ல இது ரொம்ப சகஜம். காலையில இழுத்து இழுத்து ஓடி, அரை மணி நேரம் சூடான பிறகு சரியா ஓடுற மெஷினெல்லாம் இந்த நோய்தான், மோட்டார் கெட்டதில்லை. பழசை முழுக்கத் துடைச்சு எடுத்துட்டு, நெம்புகோல்களுக்கு லித்தியம் கிரீஸ் துளி, பித்தளை புஷ்ஷுக்கு டர்பைன் ஆயில் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெயும் துரு நீக்கி ஸ்பிரேயும் உள்ள போகவே கூடாது. முதலாவது குளிர்ல உறையும், ரெண்டாவது சுழற்சியைக் கடத்துற ஐட்லர் சக்கரத்து ரப்பர் மேல பறந்து வழுக்கும்.

பெல்ட் தாரா உருகி புல்லியில ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம். கையுறை போட்டுக்கிட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல சுரண்டி எடுக்கலாம். துணியில பட்டா போகவே போகாது. புது பெல்ட் அளவுக்கு புல்லிகளைச் சுத்தி நூல் போட்டு அளந்து, அதுல 5 முதல் 7 சதவீதம் குறைச்சுக்குங்க. ரொம்ப இறுக்கினா பேரிங் தேயும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

மேலே சொன்னதோடு சேர்த்து வாங்குவது பற்றி.

வொல்லென்சாக்கை நான் எடுக்க மாட்டேன். கெட்ட மெஷின் என்பதால் அல்ல, இரும்பு மாதிரி உழைக்கும். கொடைக்கானலில் 1901 முதலே அமெரிக்க மிஷனரிகளின் பள்ளி இருந்ததால் பழனி மலையில் இந்த மாதிரி 117 வோல்ட் சாமான் இன்னும் கிடைக்கும், குன்னூருக்கும் அப்படி வந்ததாக இருக்கலாம். சிக்கல் வோல்டேஜில் இல்லை. அதை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொள்ளும். ஆனால் மோட்டாரின் வேகம் சைக்கிளைப் பிடித்து ஓடுகிறது. 60 சைக்கிளுக்குச் செய்ததை 50ல் ஓட்டினால் 83 சதவீத வேகம், சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். பாடுகிற பெண் குரல் ஆண் குரலாகும். எந்த டிரான்ஸ்ஃபார்மரும் சைக்கிளை மாற்றாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அதோடு 117 வோல்ட்டை 50 சைக்கிளில் கொடுத்தால் மோட்டார் இரும்பு நிரம்பிச் சூடேறும். ஓட்டியே ஆக வேண்டுமானால் 100 வோல்ட்டுக்கு அருகில் இறக்கிக் கொடுக்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு மெஷின் கிடைத்தால் கதை வேறு. அங்கே கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் பெரும்பாலும் மாற்றும் வசதி வைத்திருப்பார்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான் வேலை என்றால் இதுகூடப் பெரிய தடை இல்லை. மெதுவாக ஓடியதைப் பதிந்துகொண்டு ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 1.2 மடங்காக்கினால் சரியாகிவிடும். ஆனால் நேரடியாகக் கேட்க முடியாது.

அகாயிலும் தகட்டைப் பாருங்கள். 50 என்று இருந்தால் போதும். 60 என்று இருந்தால் மோட்டார் புல்லியை மாற்ற வேண்டியிருக்கும், அந்தப் பாகம் கிடைக்குமா என்று தெரிந்த பிறகு விலை பேசுங்கள். இதைவிடப் பழைய சில அகாய் மாடல்களில் கேப்ஸ்டன் மேல் மாட்டும் உறை உண்டு, அது தொலைந்திருந்தால் ஒரு வேகம் போச்சு.

முகப்புப் பளபளப்பில் மயங்க வேண்டாம். 4000டிஎஸ்ஸின் தலை (டேப்பைப் படிக்கும் பாகம்) சாதாரண உலோகம், தேயும். ஜிஎக்ஸ் என்று பெயரில் வரும் அகாய்களில்தான் கண்ணாடி-ஃபெரைட் தலை, அது தேய்வதே அபூர்வம். டார்ச் அடித்து தலையின் முகத்தைப் பாருங்கள். டேப் ஓடும் பட்டையின் மேல் கீழ் விளிம்பில் நகத்தை மெல்லக் குறுக்கே ஓட்டுங்கள். லேசாகத் தட்டுப்பட்டால் வேலை செய்யும். நகம் படியில் இறங்குவது போல நின்றால், அல்லது நடு இடைவெளிக் கோடு கண்ணுக்கு அகலமாகத் தெரிந்தால் மேல் ஸ்தாயி செத்துப்போயிருக்கும். நல்ல தலை தேடி வாங்கும் செலவு மெஷின் விலையைத் தாண்டும். கீறல் விழுந்த மூடியும் நல்ல தலையும் உள்ள மெஷின், துடைத்து வைத்த மூடியும் தேய்ந்த தலையும் உள்ளதைவிட எப்போதும் மேல்.

டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை நகத்தால் அழுத்துங்கள். கண்ணாடி போல் மின்னி, கல்லாக இருந்தால் டேப் வழுக்கி ஏறி இறங்கும். ரப்பரை ஆல்கஹாலில் அடிக்கடி துடைத்தால் வறண்டு வெடிக்கும், சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் தலைக்கும் கேப்ஸ்டனுக்கும் மட்டும்.

டிராக் விஷயம், அதாவது டேப்பின் அகலத்தில் எவ்வளவு பங்கில் பதிகிறது என்பது. க்ருண்டிக் பெரும்பாலும் அரை டிராக் மோனோ, அகாய் கால் டிராக் ஸ்டீரியோ. அரை டிராக்கில் பதிந்ததை அகாயில் போட்டால் இடது பக்கம் சரியாக வரும், வலது பக்கத்தில் மறுபக்கப் பேச்சு தலைகீழாக ஓடும். அது கோளாறு இல்லை. இடது சானலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு: அகாய் 50 சைக்கிளாகவும் தலை நன்றாகவும் இருந்தால் அகாய். இல்லையென்றால் மூன்றையும் விட்டுவிட்டுக் காத்திருங்கள். ரெவாக்ஸ் ஏ77 என்றைக்காவது கண்ணில் பட்டால் அதற்கு மூன்று மோட்டார், கேப்ஸ்டன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணு சர்வோவில் ஓடுகிறது, சைக்கிள் கவலையே கிடையாது. உள்ளே இருக்கும் டிரிம்பாட்களையும் (திருகித் திருத்தும் சின்ன ரெசிஸ்டர்கள்) பழைய கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்ற வேண்டிவரும், அதைச் சேர்த்து விலை போடுங்கள்.

கோத்தகிரி_வால்வு:

க்ருண்டிக்கை இப்படி ஒதுக்கிட்டீங்களே. அரை டிராக் டேப்புக்கு அரை டிராக் தலைதான் முழு அகலத்தையும் படிக்கும், இரைச்சல் குறையும். அந்த வீட்டு டேப்பெல்லாம் அந்த மெஷின்லயே பதிஞ்சதா இருந்தா தலைக்கோணமும் (டேப்புக்குத் தலை நிற்கிற சாய்வு) அப்படியே பொருந்தும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாலிடரிங் தெரியாதவருக்கு முதல் மெஷினாக வால்வு வேண்டாம். உள்ளே 250 வோல்ட் டிசி ஓடுகிறது, அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் நிற்கும்.

பண்ணைக்காடு_டேப்:

மெஷின் சண்டை நடக்கட்டும். அந்த டிரங்குப் பெட்டியை முதலில் பேசி முடியுங்கள். மெஷின் இன்னொன்று கிடைக்கும், அந்தப் பேச்சும் பாட்டும் வேறெங்கும் கிடையாது.

காடி வாடை என்றால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப். ஈரத்தில் அசிடேட் சிதைந்து அசிடிக் அமிலம் விடும், அந்த அமிலமே பக்கத்து ரீலின் சிதைவையும் விரைவுபடுத்தும். இன்றே வாடை அடிப்பதைத் தனியாகப் பிரியுங்கள். இறுக்கி மூட வேண்டாம், அட்டைப் பெட்டியில் காற்றோட்டமாக இருக்கட்டும். எது அசிடேட் என்று தெரிய ரீலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். சுற்றின் வழியே வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர் அல்லது பிவிசி. அசிடேட் இழுத்தால் நீளாமல் பட்டென்று அறும், அதனால் வெட்டிய இடத்தைச் சேர்த்துவிடலாம். பாலியெஸ்டர் இழுபட்டால் நூலாகிவிடும், அங்கே பதிந்தது போச்சு.

பூசணம் படிந்ததை மெஷினில் போடாதீர்கள், தலை முதல் ஐட்லர் வரை பரவும். சிலிக்கா ஜெல்லோடு ஒரு டப்பாவில் வைத்து, பூசணம் தூளாகிற வரை உலர விடுங்கள். பிறகு வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, ரீலின் பக்கத்தை மென்மையான பிரஷால் தள்ளுங்கள். அப்புறம் கையால் மெதுவாகச் சுற்றி, நூல் உதிராத உலர்ந்த துணியால் டேப்பின் இரு பக்கமும் துடையுங்கள். அசிடேட்டில் தண்ணீரும் ஆல்கஹாலும் படக் கூடாது.

ஓடும்போது கீச்சென்று கத்தி, தலையில் பழுப்புப் பசை அப்பினால் அது வேறு நோய், பசை உதிர்வு. 1970களின் நடுவிலிருந்து வந்த, கறுப்புப் பின்பூச்சுள்ள பாலியெஸ்டர் டேப்களுக்கு வருவது. ஆம்பெக்ஸ் 406, 456, ஸ்காட்ச் 226 எல்லாம் இந்த ரகம். காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பைண்டர் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. 54 டிகிரி செல்சியஸில் சுமார் 8 மணி நேரம் வைத்து, அதே அளவு நேரம் ஆறவிட்டால் சில வாரம் ஓடும், அதற்குள் ஏற்றிவிட வேண்டும். பழம் உலர்த்தும் டிஹைட்ரேட்டர் சரிப்படும். அடுப்பு அவன் கூடாது, 54 என்று வைத்தால் 70க்குத் தாவி இறங்கும். அசிடேட்டையும் பிவிசியையும் சூடாக்கவே கூடாது.

வைப்பது பற்றி. ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் 2000 மீட்டருக்கு மேல். வெயில் குறைவு, மேகம் வீட்டுக்குள் வந்து போகும். டேப்புக்கு ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் நல்லது. ஜூன் முதல் தென்மேற்கு மழையிலும், பழனி மலைப் பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்கிலும் அறையில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி டப்பாவுக்குள் வையுங்கள். வாடை அடிக்காத ரீல்களுக்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். ரீலைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் சுற்று சரியும்.

கோத்தகிரி_வால்வு:

அலமாரியில பல்பு எரிய விடுறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?

பண்ணைக்காடு_டேப்:

மெஷினுக்கும் கேமராவுக்கும் செய்யலாம், கீழ்த்தட்டில் 15 வாட், மேலே காற்று போக வழி விட்டு. டேப்புக்கு வேண்டாம். மின்வெட்டில் பல்பு அணைந்து எரிவதால் சூடு ஏறி இறங்கும். சூடு கூடினால் ஒரு சுற்றில் பதிந்தது அடுத்த சுற்றில் அச்சாகி, பாட்டுக்கு முன்னே மெல்லிய முன்னெதிரொலி கேட்கும். ஏற்கனவே அப்படி இருந்தால் பதிவு எடுக்கும் முன் இருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள், கொஞ்சம் குறையும். அசிடேட்டை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள்.

பெட்ஃபோர்ட்_ரேடியோ:

எல்லாருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன். அகாய் தகட்டில் 220 வோல்ட் 50 என்று இருக்கிறது. தலையில் பட்டை தெரிகிறது, நகம் லேசாகத் தட்டுகிறது, நிற்கவில்லை. பிஞ்ச் ரோலர் கல். க்ருண்டிக்கில் பெல்ட் தாராகிவிட்டது, மெக்கர் 0.4 மெகோம். வாடை அடிக்கும் ரீல்களின் பெட்டியில் ஸ்காட்ச் 111 என்று போட்டிருக்கிறது, மற்றவை பெரும்பாலும் பிஏஎஸ்எஃப் எல்ஜிஎஸ். சில அட்டைகளில் 4.75 (விநாடிக்கு சென்டிமீட்டர்) என்று எழுதியிருக்கிறது, அகாயில் 19, 9.5 தவிர வேகம் இல்லையே?

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

அகாயை எடுங்கள். ரோலர் செலவைச் சொல்லி விலையில் கழியுங்கள். 4.75ல் பதிந்ததை 9.5ல் ஓட்டி 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துகொண்டு, ஆடாசிட்டியில் வேகத்தைப் பாதியாக்குங்கள். ஈக்வலைசேஷன் (வேகத்துக்கு ஏற்ற ஒலித் திருத்தம்) மாறுவதால் மேல் ஸ்தாயி சற்று வித்தியாசமாக வரும், காதால் கேட்டுத் திருத்தலாம். 4.75 டேப் நிறைய இருந்தால் ஊஹர் 4000 ரிப்போர்ட் தேடலாம், அதில் நான்கு வேகமும் உண்டு, ஆனால் 5 இஞ்சு ரீல்வரைதான் ஏறும்.

வேகம் சரியா என்று பார்க்க, தேவையில்லாத ஒரு டேப்பில் 5 மீட்டர் 71.5 சென்டிமீட்டர் அளந்து இரண்டு முனையிலும் வெள்ளை லீடர் (பதிவில்லாத பிளாஸ்டிக் நாடா) ஒட்டுங்கள். 9.5ல் சரியாக 60 விநாடி, 19ல் 30 விநாடி. புது ரோலருக்குப் பிறகும் 60 தாண்டினால் பழைய கிரீஸ் அல்லது வழுக்கும் பெல்ட். ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் டேப் மட்டும். செல்லோ டேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பண்ணைக்காடு_டேப்:

எல்ஜிஎஸ் பிவிசி, பசை உதிர்வு வராது. சூடாக்காமல் அப்படியே ஓட்டலாம், அதில் கை பழகுங்கள். ஸ்காட்ச் 111 அசிடேட். அதுதான் அவசரம் என்றாலும் முதலில் போடாதீர்கள். வாங்கிய மெஷினில் முதல் ரீல் எப்போதும் தூக்கிப்போடக்கூடிய டேப்பாக இருக்க வேண்டும். பிரேக் சரியில்லாத மெஷின் அசிடேட்டை ரீவைண்ட் நிறுத்தும்போதே அறுக்கும்.

ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் தலையைத் துடையுங்கள். மெஷினை அணைத்து, டேப்பைத் தள்ளி வைத்து டீமேக்னடைஸ் செய்யுங்கள், அதாவது தலையில் ஏறிய காந்தத்தை அதற்கான கருவியால் எடுங்கள்: ஒரு மீட்டர் தூரத்தில் கருவியைப் போட்டு, மெதுவாக அருகே கொண்டுபோய், தலைகள் மேல் நகர்த்தி, அதே மெதுவில் ஒரு மீட்டர் விலகிய பிறகே அணைக்க வேண்டும். அருகிலேயே அணைத்தால் தலை முன்னைவிட அதிகமாகக் காந்தமாகும்.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தால் தலைக்கோணத் திருகைத் தொடும் முன் இப்போதைய நிலையை நகச்சாயத்தால் குறித்துவிடுங்கள். அப்புறம் கால் சுற்றுக்குள் மெல்லத் திருகி "ஸ", "ச" எழுத்துகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த ரீலுக்கு மறுபடி பார்க்க வேண்டும். வேறு மெஷினில் பதிந்திருந்தால் கோணம் மாறும்.

புதுசாகப் பதிய டேப் வேண்டுமென்றால் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸின் எல்பிஆர்35 இப்போதும் தயாராகிறது, வீட்டு மெஷினுக்கு அந்தத் தடிமன் போதும். பழைய ரீலை அழித்து அதன்மேல் பதிய வேண்டாம்.

கோத்தகிரி_வால்வு:

க்ருண்டிக்கை அவர் சும்மா கொடுத்தா எடுத்து வைங்க, 0.4 மெகோம் உலர்த்தினாலே ஏறும். காசு கேட்டா விட்டுடுங்க.

கொண்டுவரும்போது ரீலைக் கழட்டிடுங்க. அந்த வளைவுகள்ல பைக்ல வேண்டாம். கார்ல பின்சீட் தரையில, மெஷினைப் படுக்கவச்சு, அடியில மெத்தை. மேல எதுவும் அடுக்காதீங்க, ரீல் ஸ்பிண்டில் வளைஞ்சா நேர் பண்றது கஷ்டம். வீட்டுக்கு வந்ததும் பிளக் போடாம ராத்திரி முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த இரும்பு மேல பனி பூத்திருக்கும்.